ஏற்றியதற்குக் கணக்கு உண்டு, இறங்காததற்கு யார் பொறுப்பு?

"ஒண்ணுக்கு முட்டுது சிஸ்டர், ஆனா வரமாட்டேங்குது" என்று ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் ஒரு பெண் சொன்னால், அவளை நம்புங்கள். முதலில் நம்புங்கள். அடுத்து அவள் அடிவயிற்றில் கை வைத்துப் பாருங்கள். பயம், கூச்சம், மனசு என்று பேசுவதையெல்லாம் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஒருவரும் நம்பவில்லை. ஒரு பகலும் ஒரு இரவும் நான் கெஞ்சியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதற்கான விலையை என் உடம்பு இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள். மாதம்தோறும் நிற்காத ரத்தப்போக்கு, அதனால் ரத்தசோகை. கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்தும்போதே கண் இருட்டிக்கொண்டு வரும். கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வழி என்றார்கள், சம்மதித்தேன். முதுகில் ஊசி போட்டு, அடிவயிற்றைத் திறந்து எடுத்தார்கள். அந்த அறுவை மருத்துவரின் கைத்திறனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தையல் நன்றாக ஆறியது. என் குற்றச்சாட்டு, அவர் கத்தியைக் கீழே வைத்த பிறகு வார்டில் நடந்ததைப் பற்றியது.

மறுநாள் காலையில் சிறுநீர் டியூபை உருவினார்கள். "இனிமே நீங்களே போகலாம்மா" என்றார் நர்ஸ். எத்தனை மணி நேரத்துக்குள் போக வேண்டும், எவ்வளவு போக வேண்டும், போக முடியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு பாட்டில் தீர்ந்தால் அடுத்தது. மதியத்துக்குள் அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது.

வார்டின் கடைசியில் கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தரை முழுக்க ஈரம். புதுத் தையலோடு குந்த முடியாது. உட்கார்ந்து போகும் கழிப்பறையில் இருக்கை உடைந்து கிடந்தது. திரும்பி வந்து சொன்னேன். பெட்பேன் வைத்தார்கள். கட்டிலைச் சுற்றித் திரை கிடையாது. பார்வையாளர் நேரம். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "சீக்கிரம் போங்கம்மா, எனக்கு இன்னும் நாலு பேர் இருக்காங்க" என்று ஆயா அவசரப்படுத்தினார்.

கேட்கிறேன். காலைச் சேர்த்து உட்கார், சத்தம் வராமல் போ, ஆண்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சையே எடுக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட உடம்பு இது. பேருந்துப் பயணத்திலும், தண்ணீர் வராத பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து வேலை நேரத்திலும் அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு. அதைப் பத்துப் பேர் நடுவில் மல்லாக்கப் படுக்க வைத்து, இப்போதே போ என்றால் எப்படிப் போகும்? மூத்திரப்பை சுருங்க வேண்டுமென்றால் அதன் வாய்ச் சதையும் அடியிடுப்புத் தசைகளும் தளர வேண்டும். வலியிலும் வெட்கத்திலும் அவை இறுகும். ஒரு திரைத்துணியின் விலை என்ன? ஆபரேஷனுக்கு வாங்கிய பணத்தில் அதற்கு இடமில்லாமலா போயிற்று?

சாயங்காலம் சொட்டுச் சொட்டாகக் கசிய ஆரம்பித்தது. நானாகப் போகவில்லை, அதுவாகக் கசிந்து சேலை நனைந்தது. அழுதுகொண்டே சொன்னேன். "வருதுல்ல? அப்புறம் என்னம்மா?" என்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். அன்று என்ன எழுதினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது: சிறுநீர் கழித்தார். அவ்வளவுதான். எத்தனை மில்லி என்ற கட்டம் காலி. தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு, தொட்டி காலியாகிறது என்று யாராவது எழுதுவார்களா? நிரம்பிய மூத்திரப்பையும் அப்படித்தான் வழியும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கசிவது, உள்ளே தேங்கிக் கிடப்பதற்கான எச்சரிக்கை. செவிலியர் படிப்பின் பாடத்தில் இருக்கும் விஷயம் இது. எனக்காக அதை நினைவில் கொண்டுவர அந்த மாடியில் ஒருவரும் இல்லை.

பார்க்க வந்தவர்கள் பதறிப்போனார்கள். நாத்தனார் இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். அத்தை பார்லி கஞ்சி காய்ச்சி அனுப்பினார். "நல்லா தண்ணி குடிச்சா தானா பிரிஞ்சிடும்" என்று பக்கத்துக் கட்டில் அக்கா செம்பு செம்பாகக் குடிக்கவைத்தார். அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. நீர்க்கடுப்புக்கு நம் வீடுகளில் தெரிந்த வைத்தியம் அது, பாசத்தில் செய்தார்கள். ஆனால் என் சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. உற்பத்தியில் குறையில்லை, வெளியேறத்தான் வழியில்லை. வழி அடைத்துக் கிடக்கும்போது குடிக்கிற ஒவ்வொரு செம்பும் வலியைக் கூட்டும். "இப்போ இளநீர் வேண்டாம்மா" என்று என் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய கடமை யாருடையது?

இரவு வந்தது. வலியில் உடம்பு வியர்த்தது, குமட்டியது, நெஞ்சு படபடத்தது. என் மகள் நர்ஸ் மேசைக்கும் என் கட்டிலுக்குமாக ஓடினாள். "டாக்டர் காலையில ரவுண்ட்ஸ் வருவாங்க" என்றார்கள். "மனசை லூஸா விடச் சொல்லுங்க, எல்லாம் டென்ஷன்தான்" என்றார்கள். தையல் வலிக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றார்கள். பிரசவ வலி கண்டவள் நான். தையல் வலிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? என் உடம்பைப் பற்றி நான் சொல்வதைவிட, என்னைத் தொட்டே பார்க்காதவர்கள் சொன்னது எப்படி உண்மையாயிற்று?

விடியும் வேளையில் பணிக்கு வந்த ஓர் இளம் மருத்துவர்தான் முதன்முதலாக என் அடிவயிற்றில் கை வைத்தார். வைத்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது. உடனே டியூப் போட்டார். பை நிறைந்துகொண்டே போனது. ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவர் செய்தது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை முந்தைய நாள் மதியமே எனக்குக் கொடுத்திருந்தால் இதை எழுதும் தேவையே எனக்கு வந்திருக்காது.

ஒருவருடைய மூத்திரப்பை இயல்பாகத் தாங்குவது 400 முதல் 600 மில்லிவரை. அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பி, மணிக்கணக்கில் இழுபட்டுக் கிடந்தால் அதன் தசைச்சுவர் நைந்துபோகும். சுருங்கும் சக்தியை இழக்கும். சிலருக்குச் சில நாளில் திரும்பும், சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. எனக்கு டியூபை எடுத்தால் போக முடியவில்லை. மறுபடி டியூப். மறுபடி எடுத்தார்கள், மறுபடி அடைத்தது. நடுவில் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தது, சிறுநீரில் கிருமி என்றார்கள். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித்தொற்றுக்கான வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடும் என்பது மருத்துவ உலகம் பல காலமாக அறிந்த கணக்கு. சேலைக்குள் பையை மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் எழுந்து நிற்கக் கூசினேன். வகுப்பறைக்குத் திரும்புவதை நினைத்து இரவில் அழுதேன்.

வேறோர் ஊரில் ஒரு சிறுநீரியல் மருத்துவர்தான் எனக்கு வழி காட்டினார். மெல்லிய டியூபை நானே செலுத்தி, சிறுநீரை வடித்துவிட்டு, உடனே எடுத்துவிடும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் ஜாக் லேப்பிடஸ் என்ற மருத்துவர் 1972இல் உலகுக்கு எடுத்துச் சொன்ன முறை அது. ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமிநீக்கம் வேண்டியதில்லை, கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும், மூத்திரப்பையை அளவுக்கு மீறி நிரம்ப விடாமல் இருப்பதுதான் முக்கியம் என்று அவர் காட்டினார். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கண்ணாடி வைத்துப் பார்த்து, கை நடுங்க நடுங்கப் பழகினேன். பள்ளிக்கூடக் கழிப்பறையில் அதைச் செய்வது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்று பெரும்பாலும் நானாகவே போகிறேன். ஆனாலும் முழுதாகக் காலியாவதில்லை. போய்விட்டு எழுந்து, சற்று நின்று, மறுபடி உட்கார்ந்து முன்னால் குனிந்து மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். இது எனக்கு நோய் கொடுத்ததல்ல. அலட்சியம் கொடுத்தது.

எனக்கு வந்தது யாரும் கேள்விப்படாத அதிசய வியாதியா? கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் அடைத்துக்கொள்வது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த, அடிக்கடி நேர்கிற சங்கடம். முதுகில் போடும் மயக்க மருந்து திருவெலும்புப் பகுதி நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. மூத்திரப்பை "நிரம்பிவிட்டது" என்று உணரவும், அதற்குச் "சுருங்கு" என்று கட்டளையிடவும் அந்த நரம்புகள் வேண்டும். கால் அசைய ஆரம்பித்த பிறகும் அவை விழிக்கச் சில மணி நேரம் கூடுதலாக ஆகும். ஊசியோடு மார்பின் சேர்த்திருந்தால் இன்னும் நேரமாகும். வலிக்குப் போடும் டிரமடால், ஃபென்டனில் போன்றவையும் மூத்திரப்பையை மந்தமாக்கும். கர்ப்பப்பை ஆபரேஷனில் இன்னொன்றும் உண்டு. மூத்திரப்பை கர்ப்பப்பையின் முன்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. அதைப் பிரித்துக் கீழே தள்ளித்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும். அந்த இடம் வீங்கும், நரம்புகள் அடிபடும். இத்தனையும் தெரிந்தவர்கள்தானே என்னிடம் "டென்ஷன்" என்றார்கள்?

பெண்களுக்கு மட்டும் நேர்வதுமல்ல இது. குடலிறக்கம், மூலம், இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன்களுக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு அடைக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு, அதிலும் புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு ஆபத்து அதிகம். சர்க்கரை நோயில் நரம்பு தளர்ந்தவர்களுக்கும் அப்படித்தான். வயதான சிலர் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் பிதற்றுவார்கள், கையில் உள்ள ஊசியைப் பிடுங்குவார்கள், கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார்கள். அவர்களைக் கட்டிப் போடும் முன்பு, மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சிறுநீரை வடித்துவிட்ட பிறகு தெளிந்துவிடுகிறவர்கள் உண்டு. நம் அப்பாக்களையும் தாத்தாக்களையும் "பெரியவருக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம்.

அளப்பதற்கு என்ன வேண்டும்? வயிற்றின் மேல் வைத்தால் உள்ளே எத்தனை மில்லி இருக்கிறது என்று சொல்லும் சிறிய ஸ்கேன் கருவி இருக்கிறது. அது இல்லையா, ஆபரேஷனுக்கு முன் என்னைப் படுக்க வைத்துப் பணம் வாங்கிப் பார்த்த அதே ஸ்கேன் இயந்திரம் கீழ்த்தளத்தில் இருந்தது. அதுவும் வேண்டாம், அடிவயிற்றைத் தட்டிப் பார்க்கும் இரண்டு விரல் போதும். டியூபை எடுப்பதற்கு முன் 300 மில்லி சுத்தமான சலைனை உள்ளே விட்டு, டியூபை உருவி, உடனே கழிக்கச் சொல்லிப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. 200 மில்லியாவது வந்தால் பெரும்பாலும் பயமில்லை. வராவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். என்னிடம் இவற்றில் ஒன்றைக்கூட செய்து பார்க்கவில்லை.

கேஸ் ஷீட்டைக் கேட்டு அலைந்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் நகல் கிடைத்தது. எனக்கு ஏற்றிய பாட்டில் ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு எழுதியிருந்தார்கள். பில்லிலும் ஒன்று விடாமல் அவற்றுக்குப் பணம் போட்டிருந்தார்கள். டியூப் எடுத்த நேரத்திலிருந்து மறு டியூப் போட்ட நேரம்வரை என் உடம்பிலிருந்து வெளியேறியது எவ்வளவு என்பதற்கு ஒரு எண் இல்லை. காசு வாங்கக்கூடியதை எழுதினீர்கள். உயிருக்கு வேண்டியதை ஏன் எழுதவில்லை?

நான் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் அவசரத்தில் நீட்டினார்கள். சிறுநீர் அடைக்கலாம் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. நோயாளிக்குச் சிகிச்சையின் தன்மையையும் முக்கியமான ஆபத்துகளையும் புரியும்படி சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து 2018இல் வெளியான நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. தகவல் பெறும் உரிமையும் மானத்தோடு அந்தரங்கத்தோடு நடத்தப்படும் உரிமையும் அவற்றில் உண்டு. அந்த மானமும் அந்தரங்கமும் எங்கள் வார்டில் ஒரு திரைத்துணியாகக்கூட வந்து சேரவில்லை.

"நீங்கதான் சத்தம் போட்டுக் கேட்டிருக்கணும் டீச்சர்" என்கிறார்கள் இப்போது. இதை நான் ஏற்க மாட்டேன். வயிறு கிழிபட்டுப் படுத்திருப்பவள், நிபுணர்கள் நடத்தும் இடத்தில், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சண்டை போட வேண்டுமா? கேட்டேன். கெஞ்சினேன். அழுதேன். என் மகள் ஓடினாள். இதற்கு மேல் எந்தச் சத்தம் வேண்டும்? படிப்பும் பேச்சும் உள்ள எனக்கே இந்தக் கதி என்றால், கூலிவேலைக்குப் போகும் பெண்ணுக்கு, துணைக்கு ஆளில்லாத பெரியவருக்கு, தமிழும் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கு அந்த வார்டில் யார் இருக்கிறார்கள்?

அந்த நர்ஸ்களைத் தூக்கில் போடச் சொல்லி நான் எழுதவில்லை. ஒரு மாடி முழுவதற்கும் இரவில் ஒரே ஒரு பெண். அவருக்கும் உட்கார நேரமில்லை. அவரே எத்தனை மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்றாரோ. ஆள் போடாமல் லாபம் பார்த்தவர்கள்மேல்தான் என் ஆத்திரம். மூத்திரத்தை அளப்பது கீழான வேலை, அது யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கும் நிர்வாகத்தின்மேல்தான் என் ஆத்திரம்.

எனக்கு யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்: சிறுநீர் மெல்லிசாக வருகிறதா, இரவில் பலமுறை எழுகிறீர்களா, முன்பு எப்போதாவது அடைத்திருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். சளிக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள்கூட சிறுநீரை அடைக்கும், அவற்றையும் மறைக்காதீர்கள். தியேட்டருக்குள் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். டியூப் போடுவீர்களா, எப்போது எடுப்பீர்கள், எடுத்த பிறகு எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள்.

டியூப் எடுத்த நேரத்தை, அல்லது டியூப் இல்லையென்றால் ஆபரேஷன் முடிந்த நேரத்தை, உடனிருப்பவர் ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். ஒவ்வொரு முறை போனதையும் அளவுப் பாத்திரத்தில் பிடித்து மில்லிக் கணக்கில் எழுதட்டும். நான்கு மணி நேரமாகியும் போகவில்லையென்றால் சொல்லுங்கள். ஆறு மணி நேரம் ஆகிவிட்டால் மருத்துவர் வந்து வயிற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். அடிவயிறு புடைத்து வலித்தால் மணிக்கணக்கே பார்க்க வேண்டாம், அப்போதே கூப்பிடுங்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் "போயாச்சு" என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முட்டும் உணர்வே இல்லாமலும் நிரம்பியிருக்கலாம், முதுகில் ஊசி போட்டவர்களுக்கு அது நேரும்.

மருத்துவர் எழுந்திருக்க அனுமதித்ததும் படுத்தபடி முயலாதீர்கள். பெண்கள் கால் தரையில் ஊன்ற உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து போகப் பாருங்கள். ஆண்கள் பிடித்துக்கொண்டு நின்று போகலாம். தலைசுற்றல் வரும், தனியாகப் போகாதீர்கள். திரை இல்லாவிட்டால் ஒரு சேலையையாவது இருவர் பிடித்துக்கொள்ளட்டும். குழாயைத் திறந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரை அந்த இடத்தில் மெல்ல ஊற்றலாம். தையல் இருந்தால் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மூச்சை மெல்ல விட்டுக் காத்திருங்கள். முக்காதீர்கள், தையலுக்கு ஆபத்து. வயிற்றை அழுத்திப் பிசைய யாரையும் விடாதீர்கள். வலி இருந்தால் சொல்லி மருந்து வாங்குங்கள், வலியே அடைக்கும். மலச்சிக்கலும் அடைக்கும், அதையும் சொல்லுங்கள். தாகத்துக்குக் குடிக்கலாம். அடைத்திருக்கும்போது பிரியட்டும் என்று குடம் குடமாகக் குடிக்க வேண்டாம்; இளநீர், பார்லி, வாழைத்தண்டுச் சாறு எல்லாம் அடைப்பு நீங்கிய பிறகு.

இத்தனைக்கும் வரவில்லையென்றால் டியூபுக்குப் பயப்படாதீர்கள். உள்ளே தேங்குவதைவிட டியூப் எவ்வளவோ மேல். போட்டிருக்கும்போது பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், ஆனால் தரையில் படக் கூடாது. குழாய் மடங்கக் கூடாது. தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். பையில் நீர் சேராமல் வயிறு வலித்தால் உடனே சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் "இது இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை உதவலாம், மருத்துவர் தந்தால் மட்டும்.

காலையில் குடலிறக்க ஆபரேஷன், மாலையில் வீடு என்று அனுப்புகிறார்கள் இப்போது. வீட்டுக்கு வந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் போகவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவானாலும் கிளம்புங்கள். குளிர்க்காய்ச்சல், ரத்தமாகப் போவது, விலாப்பக்க வலி எதுவானாலும் அப்படியே. முதுகு ஆபரேஷனுக்குப் பின் அடைப்போடு உட்காரும் இடம் மரத்துப்போனாலோ கால் வலுவிழந்தாலோ அது அவசரநிலை, ஒரு மணி நேரம்கூட தாமதிக்கக் கூடாது.

மருத்துவமனை நடத்துகிறவர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன் இந்த ஆபத்தைத் தமிழில் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை போடுங்கள். தாழ்ப்பாள் உள்ள, உட்காரத் தகுந்த கழிப்பறை கொடுங்கள். இரவுப் பணிக்குப் போதுமான ஆள் போடுங்கள். ஆபரேஷன் ஆன ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி கழித்தார் என்று எண்ணில் எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால், எந்த நேரத்துக்குள் போகாவிட்டால் திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுங்கள்.

இதில் எதற்கும் புதிய மருந்து தேவையில்லை, வெளிநாட்டு இயந்திரமும் தேவையில்லை. செய்யாமல் விட்டுவிட்டு ஒரு மூத்திரப்பை நைந்துபோனால், அதை விதி என்றோ உடல்வாகு என்றோ சொல்லித் தப்பிக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அது குற்றம். குற்றம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.